வெள்ளைக் கன்றின் நெற்றி

கில்னாகான், லீட்ரிம், அயர்லாந்து
மே 12

அன்புள்ள ஃபெர்கலுக்கு,

டெர்வ்லா எழுதுவது. இங்கே நான், நம் பெண் ஓர்லா, நாய், நாற்பது மாடுகள், எல்லோரும் நலம். நீ அந்த ஆஸ்திரேலியச் சுரங்கத்து வெயிலில் கருகிப்போகாமல் நலமாக இருக்க வேண்டும். ஓர்லா உனக்குத் தொப்பி அனுப்பச் சொல்கிறாள். அங்கேயே தொப்பி விற்பார்கள் என்று சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைதானே தொலைபேசியில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இருபது நிமிடம் பேசினோம், அதில் பதினெட்டு நிமிடம் மழையைப் பற்றி. உன் பக்கம் மழையே இல்லை, என் பக்கம் மழை விடவே இல்லை. மிச்சம் இரண்டு நிமிடத்தில் உன் வெள்ளைப் பசு சீமாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். தொலைபேசி என்றால் நம் இருவருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஜனவரியில் நீ கிளம்புவதற்கு முந்தைய நாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. அக்டோபர் முடிவதற்குள் இந்த மந்தை தன் காலில் நிற்குமா என்று தெரிந்தாக வேண்டும். நிற்குமானால் நீ திரும்பி வருகிறாய். நிற்காது என்றால் மாடுகளை விற்றுவிட்டு, நிலத்தை மரம் நடுகிற கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, நானும் ஓர்லாவும் உன்னோடு சேர பெர்த்துக்கு விமானம் ஏறுகிறோம். நான் தலையாட்டினேன். தலையாட்டியது நான்தான், ஆனால் எதை வைத்து இதைத் தெரிந்துகொள்வது என்று அப்போது நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. நீ பேர் கொடுத்துவிட்டுப் போகாமலே இருந்த அந்த விவசாயிகள் குழுவுக்கு உன் இடத்தில் நான் போகிறேன். பன்னிரண்டு பண்ணை. மாதம் ஒருவர் வீட்டில் கூடுகிறோம். அரசாங்க ஆலோசகர் கிரோன்யா ஒரு பலகையைக் கொண்டுவந்து கொட்டில் சுவரில் சாய்த்து வைக்கிறாள். எத்தனை பசு, எத்தனை கன்று பிழைத்தது, கன்று என்ன எடை, மாடு என்ன எடை, தீவனம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். நம் ஊரில் ஒருவனிடம் எத்தனை மாடு வைத்திருக்கிறாய் என்று கேட்டால் அவன் உடனே வானத்தைப் பார்த்து மழை வரும்போல இருக்கிறது என்பான். அப்படிப்பட்டவர்கள் மற்றவர் முன்னால் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். முதல் கூட்டம் ஹ்யூபர்ட் வீட்டில். சந்தையில் அவன் அளக்கும் அளப்பு உனக்குத் தெரியும். பலகையில் ஏழு கன்று செத்தது என்று இருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மலாக்கி டியர்னன் மட்டும், எனக்குப் போன வருஷம் ஒன்பது என்றார். அதன்பிறகு ஹ்யூபர்ட் தானாகவே பேச ஆரம்பித்து, கொட்டிலில் ஈரம், வைக்கோலை மிச்சம் பிடித்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இருபது வருடம் பக்கத்து நிலத்தில் இருந்த மனிதனை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது போல இருந்தது.

எடைமேடையில் ஏற்றுவதற்குமுன் ஒரு மாட்டைக் காட்டி எல்லோரும் எடையை ஊகித்துச் சீட்டில் எழுத வேண்டும். நான் நாலு கிலோ வித்தியாசத்தில் ஜெயித்தேன். ஹ்யூபர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. “ஃபெர்கல் அழகு பாத்து மாடு வாங்குவான், நீ எடை பாத்து வாங்குவே போலிருக்கே” என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

உன் சீமாட்டி வெண்ணெய்க் கட்டி போல நிற்கிறாள். நம் கல்யாண நாளுக்குக் கால்வேக்குச் சுற்றுலா போகாமல் அந்தக் காசில் நீ அவளை வாங்கினாய், மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. கன்றும் அவளைப் போலவே வெள்ளை, மந்தையிலேயே பெரியது. ஒரே ஒரு குறை, எப்போது பார்த்தாலும் நெற்றி முழுக்கச் சாணியை அப்பிக்கொண்டு நிற்கிறது. எங்கே போய் முட்டுகிறதோ தெரியவில்லை. என் அப்பா வீட்டிலிருந்து வந்த கறுப்பியை நீ கழுதை என்று கூப்பிடுவாயே, அவளும் இருக்கிறாள். அவளைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கன்று இளைத்துக் கிடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீர் நிறையக் குடி.

அன்புடன்,
டெர்வ்லா


ஆகஸ்ட் 27

அன்புள்ள ஃபெர்கலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது, சந்தோஷம். ஒரு பக்கத்தில் சீமாட்டியைப் பற்றி மூன்று கேள்வி, ஓர்லாவைப் பற்றி ஒன்று. என்னைப் பற்றிக் கேட்க இடம் போதவில்லை போலும். நான் உதைக்காத மாடு என்று விட்டுவிட்டாயாக்கும்.

குழு நம் வீட்டுக்கு வந்துபோய்விட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு வாரம் நான் செய்த அமர்க்களம் கொஞ்சமில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். முற்றத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ருபார்ப் தண்டு வைத்து இனிப்புப் பலகாரம் நாலு சுட்டேன். காலையில் பார்த்தால் வெள்ளைக் கன்று வழக்கம்போல நெற்றியில் சாணியோடு நிற்கிறது. பன்னிரண்டு பேர் வந்து நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அதைக் கூண்டில் அடைத்து, பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டுத் தலையைத் தேய்த்துக் கழுவித் துண்டால் துவட்டியும் விட்டேன். ஓர்லா பார்த்துவிட்டு, கன்று தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கப் போகிறதா என்று கேட்டாள்.

பலகையில் நம் கதை வந்தது. வெள்ளைக் கன்று முந்நூற்றுப் பத்து கிலோ, முதலிடம். கறுப்பியின் கன்று நூற்று எண்பத்தைந்து, கடைசி இடம். மொத்தத்தில் நாம் நடுவில். தீவனச் செலவில் மட்டும் நாம்தான் முதல், அதற்குப் பரிசு கிடையாது. எல்லோரும் சீமாட்டியைச் சுற்றி நின்றார்கள். இவள் வழியில் வந்த கிடாரிகளை வைத்துக்கொள், கறுப்பியை ஏற்றி அனுப்பிவிடு என்பதுதான் எல்லோருடைய முடிவும். கிரோன்யாவும் எண்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது என்றாள். நீ தேர்ந்தெடுத்தவள் ஜெயித்தாள், நான் கொண்டுவந்தவள் தோற்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாட்டுக்காக இப்படி மனம் கசக்குமா என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது.

மலாக்கி மட்டும் கடைசிவரை கறுப்பியின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பலகாரத் துண்டைத் தின்று முடித்துவிட்டு, “நல்ல மடிதான் வச்சிருக்கா” என்றார். அவ்வளவுதான், தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொல்லமாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் எழுந்ததும் அதுதான் தலைக்குள் ஓடியது. மடி அவ்வளவு பெரிது. பால் இருக்கிறது. கன்று இளைத்துக் கிடக்கிறது. அப்படியானால் பால் எங்கே போகிறது? மாடு பால் கொடுத்தால் அது எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்?

மறுநாள் விடிந்ததும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மேல் வயலில் வேலியோரமாகத் தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்தேன். முதல் நாள் நனைந்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. நாய்க்கே என்மேல் சலிப்பு வந்து வீட்டுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் ஏழு மணிக்குக் கறுப்பி நின்றாள். அவள் கன்று பக்கவாட்டில் வந்து காம்பைப் பிடித்தது. அதற்காகவே காத்திருந்தது போல உன் வெள்ளைக் கன்று வந்தது. பக்கத்தில் வரவில்லை. நேராகக் கறுப்பியின் பின்னால் போய், பின்னங்கால்களுக்கு நடுவே தலையை நுழைத்து, மற்ற மூன்று காம்பையும் மாற்றி மாற்றி உறிஞ்சியது. தன் கன்று குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு கறுப்பி அசையாமல் நின்றாள். நடுவில் வாலைத் தூக்கிச் சாணி போட்டாள். அத்தனையும் அதன் நெற்றியில்தான் விழுந்தது. அது தலையைக்கூட எடுக்கவில்லை.

நான் வாளியில் உட்கார்ந்தபடியே சிரித்தேன், ஃபெர்கல். வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. வசந்தத்திலிருந்து அந்த நெற்றி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எடை போட்டவர்கள், பலகை எழுதியவள், இருபது முப்பது வருடம் மாடு பார்த்தவர்கள், எல்லோரும் வந்த நாளில் பார்த்து நான் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருக்கிறேன்.

குழுவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். இன்று சீமாட்டியையும் அவள் கன்றையும் எடை போட்டு வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் தனியாக விட்டிருக்கிறேன். கறுப்பியின் கன்றையும் எடை போட்டாயிற்று. மூன்று வாரம் கழித்து மறுபடி ஏற்றிப் பார்ப்பேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் சீமாட்டி எப்படி என்று கேட்டால் மழையைப் பற்றித்தான் பேசுவேன், தப்பாக நினைக்காதே.

உன்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

டெர்வ்லா


அக்டோபர் 24

அன்புள்ள ஃபெர்கலுக்கு,

இந்தக் கடிதத்தை வேலைக்கு நடுவில் படிக்காதே. வேலை முடிந்து குளித்துவிட்டு, தனியாக உட்கார்ந்து படி.

மூன்று வாரத்தில் கறுப்பியின் கன்று முப்பத்தொரு கிலோ ஏறியது. வெள்ளைக் கன்று ஒன்பது. வேலியோரம் நின்று கறுப்பியைப் பார்த்து நாள் முழுக்கக் கத்தியது, பார்க்கப் பாவமாக இருந்தது. சீமாட்டியைக் கூண்டில் விட்டு மடியைத் தடவிப் பார்த்தேன். நாலில் இரண்டு காம்பு செத்துப்போயிருக்கிறது. கட்டி தட்டி, சில்லென்று, பிழிந்தால் ஒரு சொட்டு வரவில்லை.

அது ஒரு நாளில் ஆகிற காரியமில்லை. மருந்துப் பதிவேட்டைப் புரட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏப்ரலில், அவள் காது வில்லை எண்ணுக்கு நேராக, மடி நோய் ஊசி மூன்று நாள் என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. உனக்குத் தெரியும். அந்த ஏப்ரலில்தான் நீ ஹ்யூபர்ட்டிடம் இப்படி ஒரு பசு இந்த வட்டாரத்தில் கிடையாது என்று சொன்னாய். நானும் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டேன். பதிவேட்டை மூடிவிட்டுக் கொட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். திட்டலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் சோப்புப் போட்டுக் கழுவியவள் நான். நீ ஒரு பக்கம் மறைத்தாய், நான் ஒரு பக்கம் மறைத்தேன். இதில் யார் யாரைத் திட்டுவது?

இந்த மாதக் கூட்டம் மலாக்கி வீட்டுச் சமையலறையில். வெளியே அப்படி மழை. நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், சோப்பு உட்பட. ஹ்யூபர்ட் கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு, எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு வாரம் நானும் கன்றுகளுக்குக் கூடுதல் தீவனம் போட்டேன், எடையை நம்பாதீர்கள் என்று ஒப்புக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னொருவர் ஒப்புக்கொண்டார். பாதிரியாரிடம் பாவம் சொல்லும் கூண்டில்கூட இவ்வளவு வராது. கிரோன்யா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் திட்டவில்லை. ஒரு பசு வேறொரு பசுவின் பாலில் நல்ல பேர் வாங்கியிருக்கிறது, இது தெரிந்ததே பெரிய விஷயம் என்றாள். அதோடு நம் கணக்குத் தாளை எடுத்து, தீவனச் செலவு இவ்வளவு இருந்தும் பண்ணை தடுமாறாமல் ஓடுகிறதே, இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். ஃபெர்கல் அனுப்புகிறான் என்றேன். மலாக்கி தேநீர்க் கோப்பையைத் தூக்கிவிட்டு, அதன் கீழே இருந்த தட்டை உன் சம்பளம் எழுதியிருந்த இடத்தின்மேல் கவிழ்த்தார். தட்டுக்கு வெளியே தெரிந்த எண்களைப் பார்த்தேன். செலவுக்கு வரவு போதவில்லை. நானேதான் சொன்னேன்:

“எங்க பண்ணையும் அந்த வெள்ளைக் கன்னுதான். பின்னால நின்னு ஃபெர்கல்கிட்ட குடிச்சிட்டு இருக்கு. நாங்கதான் தலையக் கழுவிக் கழுவிக் காட்டிட்டு இருக்கோம்.”

மந்தை தன் காலில் நிற்குமா என்று பார்க்கத்தான் நீ போனாய். நீ போனதால்தான் அது நிற்பது போலத் தெரிந்தது. ஒன்பது மாதமாக உன் முதுகில் ஏறி நின்றுகொண்டு, பார், நிற்கிறது என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று அவர்கள் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. தட்டை எடுக்காமலே உட்கார்ந்தோம். எந்தப் பசு தன் கன்றைத் தானே வளர்க்கிறது, எது தின்று மட்டும் வளர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எண் தெரியாத இடத்தில் நான் பார்த்ததைச் சொன்னேன். அவர்கள் தங்கள் மாடுகளில் பார்த்ததைச் சொன்னார்கள். பதினாலு பசு போக வேண்டும். மிச்சம் இருபத்தாறு, சிறிய உடம்பு, நல்ல மடி. வாங்குகிற தீவனத்தைப் பாதிக்குமேல் குறைத்து, மேல் வயலை நாலாகப் பிரித்து மாடுகளை மாற்றி மாற்றி மேயவிட வேண்டும். ஹ்யூபர்ட் தன் காளையைத் தருகிறேன் என்றான், அதற்குப் பதில் அவன் குளிர்காலத்துக்குப் புல் வெட்டி சைலேஜ் போடும்போது நான் டிராக்டர் ஓட்ட வேண்டுமாம். அதோடு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வாரம் இரண்டு நாள் வேலை. இத்தனையும் சேர்த்தால் தட்டுக்கு வெளியே இருக்கிற எண்களை வைத்தே பண்ணை நிற்கிறது. பிறந்த கன்று நிற்பது போல, கால் நடுங்கிக்கொண்டு. ஆனால் நிற்கிறது. இதில் கால்வே இல்லை, புது வண்டி இல்லை. உன் சுரங்கத்துச் சம்பளத்தில் கால் பங்குகூட இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சீமாட்டியை உன்னைக் கேட்காமல் விற்றுவிட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நானும் விட்டிருப்பேன். சந்தையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மடியைப் பற்றி வாங்குபவரிடம் நானே வாய்விட்டுச் சொன்னேன், கறிக்காக வாங்கினார். வண்டியில் ஏறும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சீமாட்டி இல்லையா? நான்தான் வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டி அழுதேன். அவளுக்காகவா, உனக்காகவா என்று தெரியவில்லை. கறுப்பியின் கன்றை விற்கவில்லை. கிடாரிதான், வைத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. ஜூன் மாதம் ஒரு வாரம் விடாமல் பெய்ததே, அப்போது மரக் கம்பெனியின் படிவத்தை வாங்கி வந்து நிரப்பி, என் கையெழுத்தையும் போட்டு வைத்துவிட்டேன். அதன்பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நன்றாக இருக்கிறேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். நீயும் அப்படியே சொன்னாய். நீ சொன்னது எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. இரவு வேலை முடிந்து அந்தத் தகரக் கூரையின் கீழே என்ன செய்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய், அந்த ஊர் உனக்குப் பிடித்துப்போய்விட்டதா, வருவதற்கு மனமில்லாமல்தான் சீமாட்டியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாயா? கேட்கப் பயந்தேன். இப்போது கேட்டுவிட்டேன்.

அந்தப் படிவத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். இரண்டாவது கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஒரு வார்த்தை பேசாமல் மிச்ச மாடுகளையும் விற்று, ஓர்லாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். தொப்பியும் கொண்டுவருவேன். அங்கே போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டேன். சத்தியம்.

கையெழுத்துப் போட மனம் வரவில்லை என்றால் அதைத் தபாலில் அனுப்பாதே. உன் பையில் வைத்து நீயே கொண்டு வா.

கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும், நீ எந்தப் பக்கம் கிளம்பினாலும். நீ வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. அதையும் கழுவித் துடைக்காமல், இருக்கிறபடியே எழுதிவிட்டேன்.

உன்,
டெர்வ்லா